காவலுக்கு வந்தவர்

லெப்பைக்குடிகாடு,
12-7-2004

அன்புள்ள சைத்தூனுக்கு, மச்சான் மதார் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் உனக்கும் பிள்ளை அஸ்லாமுக்கும் பொறுமையைத் தரட்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாயா என்று உன் அக்கா ரஹ்மத் கேட்டிருப்பாள். அவள் கேட்கிற நிலையில் இல்லாததால் நான் கேட்கிறேன்.

சகலை கமால்தீனை அடக்கம் செய்த அன்றைக்கே நான் பஸ் ஏறிவிட்டதை அரியலூர்ச் சொந்தங்கள் குறையாக எடுத்திருப்பார்கள். உன் அக்காவைச் செங்கமலத்திடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவள் வீட்டு வேலைக்கு வருகிறவள்தான் என்றாலும் பகலெல்லாம் நன்றாகப் பார்த்துக்கொள்வாள். பொழுது சாய்ந்தால் அவளுக்கும் பயம். "அம்மா ஒரு மாதிரி பாக்குறாங்கய்யா" என்பாள்.

கமால்தீன் மவுத்தான செய்தியை உன் அக்காவிடம் சொன்னேன். அழுதாள். மறுநாள் காலையில், "கமாலு கடைக்குப் போயிட்டாரா?" என்றாள். மறுபடி சொன்னேன். மறுபடி புதிதாக அழுதாள். அதற்குப் பிறகு கேட்டபோது "போயிட்டார்" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

எங்கள் வீட்டு டெலிபோன் வேலை செய்யவில்லை என்று மர்ஜியா ஷார்ஜாவிலிருந்து உங்களிடம் புலம்பியிருப்பாள். ஒயரைப் பிடுங்கியவன் நான்தான். மணி அடித்தால் ரஹ்மத் வீடு முழுக்க ஓடுகிறாள். சவுதியிலிருந்து என்னைப் பற்றிக் கெட்ட செய்தி வந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமை பூத்துக்குப் போய் மகளிடம் பேசிவிடுகிறேன். நீ இத்தாவில் இருக்கிறாய். நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசல் தாண்டமாட்டாய், நான் வந்து பார்ப்பதும் முறையில்லை. அதனால் எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் சவுதியில் தம்மாமிலிருந்து எழுதியே குடும்பம் நடத்தியவன். இது எனக்குப் பழக்கம்தான்.

இரவில் கொஞ்சம் தூக்கம் குறைவு, அவ்வளவுதான். உன் துஆவில் அவளைச் சேர்த்துக்கொள்.

மதார்


அரியலூர்,
21-7-2004

மச்சான் அவர்களுக்கு சைத்தூன் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே வீடு நிறைய ஆள். எல்லோரும் போன பிறகு நாலு முறை படித்தேன்.

யாரும் குறை சொல்லவில்லை. சொன்னாலும் அஸ்லாம் வாயை அடைத்துவிடுவான். கடையை அவன் திறக்க ஆரம்பித்துவிட்டான். ஷட்டர் தூக்கும் சத்தம் மேலே என் அறைக்குக் கேட்கும். கேட்டதும் "அவங்க குளிச்சாங்களா, டீ குடிச்சாங்களா" என்று மனசு எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகுதான் நினைவு வருகிறது. அக்காவுக்கு ஆனது எனக்கும் கொஞ்சம் ஆகியிருக்கிறது போல.

"கொஞ்சம் தூக்கம் குறைவு" என்று எழுதியிருக்கிறீர்கள். சவுதியிலிருந்து எழுதும்போதும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்துவிட்டு "லேசான ஜலதோஷம்" என்பீர்கள். எனக்கு உள்ளபடி எழுதுங்கள். கசகசாவை ஊறவைத்து அரைத்துப் பாலில் காய்ச்சிக் கொடுங்கள். பகலில் படுக்கவிடாதீர்கள். உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டால் சின்ன வயதில் உடனே தூங்கிவிடுவாள். நான்தான் தேய்ப்பேன்.

நீங்கள் தூங்குகிறீர்களா? அதை எழுதவேயில்லையே.

சைத்தூன்


லெப்பைக்குடிகாடு,
3-8-2004

சைத்தூனுக்கு மச்சானின் ஸலாம். இறைவன் கிருபையால் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும்.

கசகசா பால் கொடுத்தேன். எண்ணெய் தேய்க்கக் காலைத் தொட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு டீயை நிறுத்திவிட்டேன். பகலில் கீரை ஆயவைக்கிறேன், சாயங்காலம் வெள்ளாற்றங்கரை வரை நடத்திக் கூட்டிப்போகிறேன். உடம்பு களைத்துப்போகிறது. மனசு களைக்கமாட்டேன் என்கிறது.

உள்ளபடி எழுதச் சொன்னாய். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொன்னதும் அவள் முகம் மாறும். எல்லாத் தாழ்ப்பாளையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். முடித்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அப்புறம் நான் ஹாலில் உட்கார்ந்திருப்பது கண்ணில் படும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவாள்.

"யாருங்க நீங்க? வூட்டுல ஆம்பளை இல்ல. அவங்க வந்தப்புறம் வாங்க."

"என்னா ரஹ்மத்து? நான்தான், மதாரு வந்துருக்கேன்."

"அவங்க சவுதில இருக்காங்க. அவங்க பேரச் சொல்லிக்கிட்டு யாரும் உள்ள வரக்கூடாது."

ஒருநாள் என் பழைய பாஸ்போர்ட்டை எடுத்துப் போட்டோவைக் காட்டினேன். பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இவங்கதான் எங்க வூட்டுக்காரவங்க. இத நீங்க எங்க எடுத்தீங்க?" என்று என்னைத் திருடனைப் போலத் திட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எவ்வளவோ வருஷம் இந்த வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்றுதான் அங்கே வெயிலில் கிடந்தேன். வந்து சேர்ந்த பிறகும் உள்ளே நுழைய முடியவில்லை.

நேற்று பாத்ரூமில் வழுக்கி நெற்றியில் சின்னக் காயம். ஆறிவிடும். செங்கமலம் யார் மூலமாவது பெரிதாகச் சொல்லி அனுப்பினால் நம்பாதே.

மதார்


அரியலூர்,
13-8-2004

மச்சான் அவர்களுக்கு ஸலாம். என் சர்க்கரை, அஸ்லாமின் கடை எல்லாம் அல்லாஹ் காவலில் இருக்கின்றன. அதை விடுங்கள்.

பாத்ரூமில் வழுக்கி விழுகிறவருக்குப் பின்மண்டையில் அடிபடும், இடுப்பில் அடிபடும். நெற்றியில் எப்படிப் பட்டது? அக்கா எதை எடுத்து அடித்தாள்?

வெட்கப்படாமல் எழுதுங்கள். அவள் உங்களை அடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வேறு யாரையோ அடித்திருக்கிறாள்.

இன்னொன்று கேட்கிறேன். இரவில் அவள் கொல்லைக் கதவுக்குப் போகிறாளா? அங்கே எதையாவது கொண்டுபோய் முட்டுக் கொடுக்கிறாளா?

சைத்தூன்


லெப்பைக்குடிகாடு,
19-8-2004

சைத்தூன், ஸலாம். நலம்தானே? உன் கடிதத்தைப் படித்ததும் எழுதுகிறேன்.

கொல்லைக் கதவைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும்? செங்கமலத்துக்குக்கூட நான் சொல்லவில்லை. அரிசி டிரம்மை இழுத்துவந்து அந்தக் கதவில் சாத்துகிறாள். அதை நகர்த்த எனக்கே மூச்சு வாங்கும். சாத்திவிட்டு, உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு அதற்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறாள். அன்றைக்கு நான் பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "நான்தான் மதாரு, வா படுக்கலாம்" என்றேன். திரும்பி அடித்துவிட்டாள். தையல் போட்டிருக்கிறது. காலையில் நெற்றிக் கட்டைப் பார்த்துவிட்டு, "அய்யோ என்னாச்சு?" என்று அவளே மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாள்.

பெரம்பலூர் டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். போட்டதும் தூங்கினாள். ஆனால் பகலிலும் மரக்கட்டை மாதிரி கிடந்தாள், எழுந்து நடக்கும்போது தடுமாறி விழுந்தாள். டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார். "அவங்க எதுக்குப் பயப்படுறாங்கன்னு கண்டுபிடிங்க. மருந்து பாதிதான்" என்றார். மர்ஜியா, திருச்சியில் இப்படி மறதி நோய் வந்தவர்களை வைத்துப் பார்க்கிற இடம் இருக்கிறது, சேர்த்துவிடுங்கள் அத்தா என்கிறாள். அவளுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. போனில் அழுகிறாள்.

கொல்லைக் கதவைப் பற்றி எதற்குக் கேட்டாய்? உடனே எழுது.

மதார்


லெப்பைக்குடிகாடு,
9-9-2004

சைத்தூனுக்கு மச்சான் எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்று அஸ்லாம் பூத்துக்குப் போன் செய்தபோது சொன்னான். ஆனால் உன்னிடமிருந்து பதில் இல்லை. கடிதம் தொலைந்திருக்குமோ என்று தபால்காரரை இரண்டு முறை கேட்டேன். அஸ்லாமோ, "அம்மா எழுதுறாங்க பெரியத்தா, எழுதி எழுதிக் கிழிக்கிறாங்க" என்றான்.

போன வாரம் விடியற்காலை பஜர் தொழுகைக்கு நான் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போன நேரத்தில் ரஹ்மத் வெளியே போய்விட்டாள். ஆற்று மணலில் இறங்கி, அக்கரைக்கு நடந்து, திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டாள். கண்டக்டரிடம், "பம்பாய் பஸ் இங்க நிக்குமா தம்பி? எங்க வூட்டுக்காரவங்களக் கூட்டியாரணும்" என்று கேட்டிருக்கிறாள். செங்கமலத்தின் தம்பி கண்ணையன் அங்கே பூக்கடை வைத்திருக்கிறான். அவன் பார்த்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பாதமெல்லாம் முள்.

அன்றிரவு அவள் அறைக்கதவை வெளியே பூட்டினேன். உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். "புள்ள பசியில அழுவுது, தொறந்து விடுங்க, புள்ளய ஒண்ணும் செஞ்சிடாதீங்க" என்றாள். மர்ஜியாவுக்கு முப்பது வயதாகிறது, அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கதவுக்கு இந்தப்பக்கம் நின்று சொன்னேன். அதற்குப் பிறகு தட்டுவது நின்றுவிட்டது. அது இன்னும் மோசம். திறந்து பார்த்தேன். சுவரோடு சுவராக ஒட்டி நின்று, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு இருந்தாள், சத்தம் வெளியே வரக்கூடாதென்று. நான் பூட்டை ஆற்றில் எறிந்துவிட்டேன்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். "அந்தா, சொவத்தோரம் நிக்கிறான்" என்று அவள் கொல்லைப் பக்கம் காட்டும்போது நானும் பார்க்கிறேன். தூக்கமில்லாத கண்ணுக்கு எதுவும் தெரியும் என்பார்கள். ஒருநாள் முருங்கை மரத்துப் பக்கம் ஒருத்தன் நிற்பதாகவே தோன்றி, டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றுமில்லை. ஆனால் திரும்பி வரும்போது முதுகைக் காட்டி நடக்கப் பயமாக இருந்தது. என் வீட்டுக் கொல்லை அது.

உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. என் மேல் இரக்கப்பட்டு மறைக்காதே.

மதார்


அரியலூர்,
20-9-2004

மச்சான் அவர்களுக்கு சைத்தூன். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் அமைதியைத் தரட்டும். உங்கள் காயம் ஆறியதா?

அக்கா என்னிடம் குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். இங்கே மார்க்கம் படித்த ஒரு ஆலிம்சா வீட்டம்மாவிடம் ஆள் விட்டுக் கேட்டேன். அவளுக்கு நன்மை என்றால் சொல்லலாம், சத்தியத்துக்குப் பரிகாரமாக ஏழைகளுக்குச் சோறு போடு என்றார்கள். போட்டுவிட்டேன். இனி எழுதுகிறேன்.

நீங்கள் முதல் தடவை சவுதிக்குப் போயிருந்தீர்கள். மர்ஜியா கைக்குழந்தை. நான் அஸ்லாம் பிரசவத்துக்காக அடுத்த தெருவில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அக்கா உங்கள் வீட்டில் தனியாகத்தான் படுப்பாள். புருஷன் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்பாள். ஒரு ராத்திரி எவனோ கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து வந்திருக்கிறான். கதவைத் தட்டவில்லை. நகத்தால் சுரண்டியிருக்கிறான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ரஹ்மத்து, நான்தான். மதாரு வந்துருக்கேன். கதவத் தொற" என்றானாம்.

அவள் எழுந்து ஓடினாள், மச்சான். சந்தோஷத்தில் ஓடினாள். பாதித் தாழ்ப்பாளை எடுத்தும் விட்டாள். ஏதோ ஒன்று உறுத்தியிருக்கிறது. வருகிறவர் முன்வாசல் வழியாகத்தானே வருவார் என்று. தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுவிட்டு, டிரம்மை இழுத்து வைத்து, உலக்கையோடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை அழுதால் அவனுக்கு அறை தெரிந்துவிடும் என்று, விடியும்வரை மர்ஜியாவை மார்பிலிருந்து எடுக்கவேயில்லை. அவன் வெகுநேரம் உங்கள் பேரையே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறான்.

யாரென்று கடைசிவரை தெரியவில்லை. உங்கள் பேரும் அவள் பேரும் தெரிந்தவன், நீங்கள் ஊரில் இல்லை என்பதும் தெரிந்தவன். அதனால் அவளுக்கு ஊரில் ஒவ்வொரு ஆம்பளை முகமும் அவன் முகமாகிவிட்டது. நீங்கள் நிரந்தரமாகத் திரும்பி வந்த வருஷம்தான் அவள் ஒரு முழு இரவு தூங்கினாள் என்று என்னிடம் சொன்னாள்.

உங்களுக்கு எழுதலாம் என்று நான் பேனாவை எடுத்தேன். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான்தானே உங்களுக்கு எழுதுவேன். "எழுதினா எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவாங்கடி. வந்தா அவங்க தங்கச்சி கல்யாணம் நின்னுபோவும். இங்கு யாவரும் சுகம்னு போடு" என்றாள். போட்டேன்.

மச்சான், ராத்திரியில் "நான்தான் மதாரு" என்று அவளிடம் சொல்லாதீர்கள்.

சைத்தூன்


லெப்பைக்குடிகாடு,
5-10-2004

அன்புள்ள சைத்தூனுக்கு, மச்சான். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். காயம் ஆறிவிட்டது. தழும்பு இருக்கும் என்றார்கள்.

உன் கடிதத்தை ஆற்று மணலில் உட்கார்ந்து படித்தேன். வீட்டில் வைத்துப் படிக்க முடியவில்லை. ஒரு வருஷமாக இரவுதோறும் அதே பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறேன். தோளைத் தொட்டிருக்கிறேன். எவ்வளவு அன்பாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவள் நடுங்கியிருக்கிறாள்.

நான் லீவில் வரும்போதெல்லாம் அவள் உடனே கதவைத் திறக்கமாட்டாள். "உங்க அத்தா பேரு என்னா? என் மெட்டி எந்த ஊர்ல வாங்குனது?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். பெட்டி படுக்கையோடு வாசலில் நின்று பதில் சொல்வேன். இதைத் தம்மாமில் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஏன் கேட்கிறாய் என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று மஃரிபுக்கு முன்னாலேயே அவளுக்குச் சோறு கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். செங்கமலத்தை அன்று இரவு அவளோடு உள்ளே படுக்கச் சொல்லியிருந்தேன். மடக்குக் கட்டிலைப் போர்டிகோவில் போட்டு, கையில் ஒரு தடியோடு உட்கார்ந்தேன். இருட்டியதும் ஜன்னல் கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"யாரது?"

என் பேர் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"காவலுக்கு வந்துருக்கேங்கம்மா. உங்க வூட்டுக்காரவங்க சவுதிலேர்ந்து சொல்லி அனுப்புனாங்க."

ஜன்னல் இன்னும் கொஞ்சம் திறந்தது.

"அவங்களா அனுப்புனாங்க?"

"ஆமாம்மா. ராத்திரி பூரா இங்கதான் இருப்பேன். கொல்லைப் பக்கமும் போய்ப் பாத்துக்குறேன். நீங்க பயப்படாம படுங்க."

அவள் முகம் ஜன்னலிலிருந்து நகர்ந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டாள் என்று நினைத்தேன்.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

சைத்தூன், அன்றைக்கு அவள் டிரம்மை இழுக்கவில்லை. குறட்டை விட்டுத் தூங்கினாள் என்று செங்கமலம் காலையில் சொன்னாள். அதை நானும் வெளியே கேட்டேன். கேட்டுக்கொண்டே அழுதேன்.

மதார்


அரியலூர்,
16-10-2004

மச்சான் அவர்களுக்கு ஸலாம். முதல் நோன்பு வைத்திருக்கிறேன். உங்கள் இருவருக்கும் இந்த மாதம் பரக்கத்தாக அமைய வேண்டும்.

அவள் தூங்கினாள் என்று படித்து, அஸ்லாமைக் கூப்பிட்டு அவனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

ஆனால் எனக்குச் சந்தோஷம் முழுசாக இல்லை. ஐப்பசி பிறக்கப் போகிறது. மழையில் எப்படிப் படுப்பீர்கள்? அறுபத்தெட்டு வயதில் பனி ஆகாது. அதோடு, சொந்த வீட்டு வாசலில் ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குக் காவல்காரனாக இருப்பார்? பகலிலாவது உங்களைத் தெரிகிறதா? திருச்சிக்கு அனுப்புகிற பேச்சு என்னவாயிற்று?

என் இத்தா இந்த நோன்பு மாதத்தில் முடிகிறது. பெருநாள் கழிந்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன்.

சைத்தூன்


லெப்பைக்குடிகாடு,
30-10-2004

சைத்தூனுக்கு மச்சான். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? சர்க்கரையோடு நோன்பு வைக்காதே என்றால் நீ கேட்கப்போவதில்லை.

மர்ஜியாவிடம் திருச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உங்க உடம்பு தாங்குமா அத்தா?" என்றாள். தாங்குகிறவரை தாங்கட்டும். செங்கமலம் இனி இரவிலும் இங்கேயே தங்குகிறாள். பகலில் நான் தூங்கிக்கொள்கிறேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்படியே செய்ங்க" என்றார்.

நோன்பு வந்ததில் ஒரு லாபம். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ஊரே விழித்துக்கொள்கிறது. எல்லா வீட்டிலும் வெளிச்சம், பாத்திரச் சத்தம். அந்த நேரத்தில் அவள் எழுந்து நடப்பது வியாதியாகவே தெரியவில்லை. எனக்கும் தட்டில் சோறு வைத்து, கதவு இடுக்கு வழியாகத் தள்ளுகிறாள்.

மழை பிடித்த அன்று போர்டிகோவில் சாரல் அடித்தது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "காவக்காரரே, நனையாதீங்க, கிரில்லுக்கு உள்ள வந்து படுங்க" என்று சாவியை நீட்டினாள். வராந்தாவுக்கு வந்துவிட்டேன். இப்போது எங்களுக்கு நடுவில் ஒரே ஒரு கதவுதான்.

பகலில் தெரிகிறதா என்று கேட்டாய். முன்பு காலையில் தெரியும். இப்போது அதுவும் குறைகிறது. போன வியாழக்கிழமை டீ குடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எப்ப வந்தீங்க?" என்றாள். "இப்பத்தான்" என்றேன். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். டீ ஆறும்வரை அப்படியே இருந்தோம். பிறகு கையை மெல்ல விட்டுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டாள்.

மதார்


அரியலூர்,
28-11-2004

மச்சான் அவர்களுக்கு ஸலாம். பத்திரமாக வந்து சேர்ந்தேன். அங்கே இருந்த நாளெல்லாம் என்னைத் தன் அம்மா என்று நினைத்து அக்கா என் மடியில் படுத்தாளே, அந்தக் கனம் இன்னும் தொடையில் இருக்கிறது.

நேரில் உங்களிடம் பேச முடியாத ஒன்றை எழுதுகிறேன். இரண்டாம் நாள் ராத்திரி அக்கா என் காதோடு வந்து, "அவன் வர்றதில்ல இப்பல்லாம். காவக்காரர் வந்ததுலேர்ந்து அவன் வரல" என்றாள். எப்படிச் சிரித்தாள் தெரியுமா? கல்யாணத்துக்கு முந்தி சிரிக்கிற மாதிரி.

நான் கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்தேன். நீங்கள் குளிருக்குத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். என் வாசலில் இப்படிக் காவல் உட்கார என்னவர் இனி இல்லை என்று தோன்றியது. உங்களுக்காகவும் ஒன்று தோன்றியது. ஒருநாள், பகல் வெளிச்சத்தில், முன்வாசல் வழியாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து பாருங்களேன். அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் உங்களுக்குப் பதில் தெரியும். காவல்காரராகவே உங்களை விட்டுவிட எனக்கு மனசில்லை.

சைத்தூன்


லெப்பைக்குடிகாடு,
11-12-2004

அன்புள்ள சைத்தூனுக்கு மச்சான் எழுதுவது. அல்லாஹ் உனக்கு ஆறுதலைத் தரட்டும். உன் கால் வீக்கம் குறைந்ததா?

நீ சொன்னபடி செய்தேன். நல்ல சட்டை போட்டு, பெட்டியோடு, வெயில் நேரத்தில் முன்வாசலில் நின்றேன். கேள்வி கேட்டாள். அத்தா பேரைச் சொன்னேன், மெட்டி வாங்கிய ஊரைச் சொன்னேன். எல்லாம் சரி என்றுதான் தலையாட்டினாள். ஆனால் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்து, "காவக்காரரே, காவக்காரரே" என்று கூப்பிட்டாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய், சட்டையை மாற்றிக்கொண்டு, தடியோடு திரும்பி வந்தேன். அழுதுகொண்டே, "எங்க போயிட்டீங்க?" என்றாள். இனி எங்கும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் யாரை எதிர்பார்த்துக் காத்திருந்தாளோ அவனால் அவளைக் காக்க முடியவில்லை. இந்த ஆளால் முடிகிறது.

நேற்று மஃரிபுக்குப் பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, என் கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சவுதிக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். காலையிலிருந்து, "தபால்ல சேத்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதாவது ஒரு விலாசத்துக்கு அது போய்ச் சேர வேண்டும். அதனால் உனக்கு அனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

மதார்


என் வூட்டுக்காரவங்களுக்கு ரஹ்மத்து ஸலாம் சொல்லி எழுதச் சொன்னது.

நானும் புள்ளயும் சொகமா இருக்கோம். நீங்களும் உடம்பப் பாத்துக்குங்க. வெயில்ல அலையாதீங்க. மர்ஜியா பல்லு மொளைச்சு எல்லாத்தயும் கடிக்கிறா. அம்மா வந்து இருந்துட்டுப் போனாங்க.

நீங்க காவலுக்கு அனுப்புனவரு வந்து சேந்துட்டாரு. வயசானவரு. ரொம்ப நல்ல மனுசன். ராத்திரி பூரா கண்ண மூடுறதில்ல. அவருக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கும்ல? கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. நல்ல கம்பளி ஒண்ணு குடுத்து அனுப்புங்க, அவருக்கு.

உங்களுக்குச் சொல்லாத விசயம் ஒண்ணு இருந்துச்சு. இப்ப சொல்லத் தேவையில்ல. நான் தூங்குறேன். அதனால எங்களுக்காவ நீங்க அங்க இருக்குற வேலைய வுட்டுட்டு அவசரப்பட்டு வர வேணாம். மெதுவா வாங்க.

இன்னும் எழுதச் சொல்லலாம்னுதான் பாத்தேன். பெரியவருக்குக் கண்ணுல தண்ணியா வருது. வெளிச்சம் பத்தல போலருக்கு. பாவம், இத்தோட நிறுத்திக்கிறேன்.